பிறந்த குழந்தையின் அசையாத கை

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவற்றுள் ஒன்றுக்கோ இரண்டுக்கோ பிறக்கும் வேளையிலேயே ஒரு கையின் நரம்புகள் காயமடைகின்றன. பிரசவ அறையில் இது எப்போதும் கண்ணில் படுவதில்லை. துணி மாற்றும்போதோ முதன்முறை குளிப்பாட்டும்போதோ தாயோ பாட்டியோ கவனிக்கிறார்கள். ஒரு கை முட்டியை மடக்கி முகத்தருகே போகிறது. மற்றொரு கை உடலோடு ஒட்டி, உள்நோக்கித் திரும்பி, துவண்டு கிடக்கிறது. "சுளுக்காக இருக்கும், எண்ணெய் தடவி உருவிவிட்டால் சரியாகும்" என்று ஒருவர் சொல்வார். "கொஞ்ச நாள் போகட்டும்" என்று இன்னொருவர் சொல்வார். இவற்றுள் இரண்டாவது அறிவுரையில் பாதி உண்மை உண்டு. முதலாவதில் உண்மையே இல்லை. எங்கள் பிரிவுக்கு வரும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் வினாக்களுக்கு, புறநோயாளர் அறையின் அவசரத்தில் சொல்ல இயலாத அளவு விரிவாக இங்கே விடை கூற முயல்கிறோம்.

கழுத்துப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கையை நோக்கிப் புறப்படுகின்றன. கழுத்தின் ஐந்தாம் வேர் முதல் எட்டாம் வேர் வரை நான்கு. மார்பின் முதல் வேர் ஒன்று. இவை காறை எலும்பின் பின்னால் ஒன்றோடொன்று கூடியும் பிரிந்தும் சடைபோல் பின்னிக்கொண்டு, அக்குள் வழியாகக் கைக்குள் இறங்குகின்றன. இதனைப் புய நரம்புப் பின்னல் என்கிறோம். உங்கள் மருத்துவக் குறிப்பேட்டில் 'பிரேக்கியல் பிளெக்சஸ்' என்று எழுதப்பட்டிருப்பதும் இதுவே. மேலுள்ள இரண்டு வேர்கள் தோளை உயர்த்தவும் முழங்கையை மடக்கவும் உதவுகின்றன. நடுவிலுள்ள வேர் முழங்கையையும் மணிக்கட்டையும் நீட்டுவதில் பெரும்பங்கு கொள்கிறது. கீழுள்ள இரண்டும் விரல்களுக்கு உரியவை. ஆகவே குழந்தையின் கையில் எந்த அசைவு இல்லை என்பதைப் பார்த்தே எந்த வேர் பாதிக்கப்பட்டுள்ளது என்பதைப் பெருமளவு கூறிவிடலாம்.

பிரசவத்தில் தலை வெளிவந்தபின் தோள் எளிதாக வழுவி வரவேண்டும். சில பிரசவங்களில் குழந்தையின் முன்தோள் தாயின் இடுப்பெலும்பின் முன்பகுதியில் சிக்கிக்கொள்கிறது. அப்போது கையில் இருப்பவை சில நிமிடங்களே. குழந்தைக்கு மூச்சுக்காற்று தடைப்படுவதற்குள் அதனை வெளியே எடுத்தாக வேண்டும். அந்நேரத்தில் தலைக்கும் தோளுக்கும் இடையே கழுத்து அளவுக்கு மீறி நீள்வதால் நரம்புப் பின்னல் இழுபடுகிறது. குழந்தையின் எடை நான்கு கிலோவைத் தாண்டுதல், தாய்க்கு நீரிழிவு இருத்தல், ஆயுதம் அல்லது உறிஞ்சு கருவி கொண்டு எடுக்கும் பிரசவம், கால் முன்னே வரும் பிரசவம் ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. சிசேரியன் ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது. ஆயினும் முற்றிலும் நீக்குவதில்லை. இவ்வாறு பாதிக்கப்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ பாதிப் பேரிடம் முன்கூட்டி அறியத்தக்க காரணம் எதுவும் இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதனை நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. எங்கள் அறைக்குள் வரும் தாய்மாருள் பலர் தலைகுனிந்தே வருகிறார்கள். சரியாக முக்கவில்லை என்று ஒருவருக்கு வீட்டில் சொல்லப்பட்டிருக்கும். கிரகணத்தன்று வெளியே வந்தாய் என்று இன்னொருவருக்கு. கிரகணத்துக்கும் கழுத்து நரம்புக்கும் எத்தொடர்பும் இல்லை. தோள் சிக்கிக்கொள்வது தாயின் விருப்பத்துக்கோ முயற்சிக்கோ கட்டுப்பட்டதன்று. உடன் வரும் மூத்தோர் இப்பகுதியை ஒருமுறை படித்தால் அந்தத் தாய்க்கு அது மருந்துக்கு நிகரான உதவியாகும்.

பேரரசர் வீட்டுப் பிள்ளையும் தப்பவில்லை

இந்தக் காயம் புதியதன்று. வசதி பார்த்து வருவதுமன்று. 1859 ஜனவரி 27 அன்று பெர்லின் நகரில், இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் மூத்த மகளுக்கு ஓர் ஆண் குழந்தை கால்பக்கம் முன்னாக மிகுந்த இடர்ப்பாட்டுடன் பிறந்தது. பிற்காலத்தில் ஜெர்மனியின் பேரரசரான இரண்டாம் வில்லியம் அவரே. இடக்கை அசையவில்லை என்பது பிறந்து சில நாள்கள் கழித்தே கவனிக்கப்பட்டது. அரண்மனை மருத்துவர்கள் செய்தவற்றைப் படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. அப்போதுதான் கொன்ற முயலின் உடலுக்குள் குழந்தையின் கையை வைத்து அதன் வெம்மையால் உயிரூட்ட முயன்றனர். மின்சாரம் பாய்ச்சினர். நல்ல கையைக் கட்டிவைத்து, அசையாத கையைப் பயன்படுத்தும்படி வற்புறுத்தினர். எதுவும் பலிக்கவில்லை. வளர்ந்தபின் அவருடைய இடக்கை மற்றதைவிட ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தது. அவருடைய நிழற்படங்களில் இடக்கை பெரும்பாலும் வாளின் பிடிமீதோ கையுறையைப் பற்றியோ மறைந்தே இருப்பதைக் காணலாம்.

அக்காலத்தில் இந்நோயின் இடம் எது என்பதே தெளிவாகத் தெரியவில்லை. பிரான்சு நாட்டின் துஷேன் 1872இல் பிறந்த குழந்தைகளிடம் இதனை விவரித்தார். ஜெர்மனியின் எர்ப் 1874இல் மேல்வேர்களின் காயத்தைச் சுட்டிக்காட்டினார். 'எர்ப் வாதம்' என்னும் பெயர் அதனால் வந்தது. கீழ்வேர்களின் காயத்தை 1885இல் விவரித்தவர் அகஸ்தா க்ளும்ப்கே என்னும் பெண் மருத்துவர். பாரிஸ் மருத்துவமனைகளில் பெண்களுக்கு உள்ளுறை மருத்துவர் பணியே மறுக்கப்பட்டிருந்த காலம் அது. கிழிந்த நரம்பைத் தைத்துச் சேர்க்கும் அறுவைச் சிகிச்சையை ஸ்காட்லாந்தின் ராபர்ட் கென்னடி 1903இல் வெளியிட்டார். ஆனால் நுண்ணோக்கியின் துணையோடு நரம்பை இணைக்கும் முறை 1970களில் வளர்ந்த பிறகே இச்சிகிச்சை நம்பத்தக்க நிலையை அடைந்தது.

காயம் எத்தனை ஆழமானது

எல்லாக் காயங்களும் ஒன்றல்ல என்பதே பெற்றோர் முதலில் அறிய வேண்டியது. வாழைநாரை இழுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சற்றே இழுபட்ட நார் தானே பழைய நிலைக்குத் திரும்பும். அதைப்போல் இலேசாக இழுபட்ட நரம்பு சில வாரங்களில் தானே விழித்துக்கொள்ளும். இன்னும் சற்று வலிந்து இழுத்தால் உள்ளிழைகள் அறுந்து வெளியுறை மட்டும் நிற்கும். அத்தகைய நரம்பு மீண்டும் வளரும். ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்திலேயே வளரும். முழுவதும் அறுந்த நரம்பின் முனைகள் தாமே இணைவதில்லை; வளர முயலும் இழைகள் வழிதெரியாமல் தழும்போடு சுருண்டு முடிச்சாகிவிடும். எல்லாவற்றிலும் கடுமையானது, நாற்றைப் பிடுங்குவதுபோல் நரம்பு தண்டுவடத்திலிருந்தே வேரோடு பறிபடுவது. பறிபட்ட வேரை மீண்டும் நட்டுப் பிழைக்கவைக்கும் நம்பகமான வழி இன்றுவரை இல்லை. ஒரே குழந்தையின் ஐந்து வேர்களிலும் ஐந்து வகைக் காயங்கள் இருக்கவும் கூடும்.

பெரும்பான்மையான குழந்தைகளுக்கு மேல் இரு வேர்கள் மட்டுமே பாதிக்கப்படுகின்றன. அவர்களுடைய கை உள்நோக்கித் திரும்பி, முழங்கை நீண்டு, மணிக்கட்டு பின்புறமாக மடங்கி நிற்கும். உணவகப் பரிசாரகர் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு பின்கையால் இனாம் வாங்குவதைப் போன்றது இத்தோற்றம் என்று மேனாட்டு நூல்கள் கூறும். விரல்கள் மூடித் திறந்தால் அது நல்ல அறிகுறி. கை முழுவதும் துவண்டு, விரல்களும் அசையாமல், அதே பக்கத்துக் கண்ணிமை சற்றுத் தாழ்ந்து கண்மணியும் சுருங்கியிருந்தால் கீழ்வேர்கள் பறிபட்டிருக்க வாய்ப்பு மிகுதி. ஆதலால்தான் கையைக் காட்ட வந்த குழந்தையின் கண்ணை நாங்கள் முதலில் பார்க்கிறோம். இது பலருக்கு வியப்பாக இருக்கிறது.

முதல் பரிசோதனையில் காறை எலும்பும் மேற்கை எலும்பும் முறிந்துள்ளனவா என்று பார்ப்பது வழக்கம். முறிவு இருந்தால் அந்த வலியாலேயே குழந்தை கையை அசைக்காமல் இருக்கலாம். எலும்பு கூடியதும் கை தானே இயங்கும். மூச்சுக்கு உதவும் உதரவிதானத்தின் நரம்பும் இதே இடத்தருகே புறப்படுவதால், குழந்தை மூச்சுவிடத் திணறுகிறதா என்பதையும் கவனிக்கிறோம். நரம்பு மின்பரிசோதனையை எல்லோரும் கேட்கிறார்கள். இந்த வயதில் அச்சோதனை உண்மை நிலையைவிடக் கூடுதல் நம்பிக்கை தரும் முடிவைச் சில வேளை காட்டுகிறது. மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டிய எம்.ஆர்.ஐ. படமும் அறுவைச் சிகிச்சை பற்றி எண்ணும் கட்டத்தில்தான் பயன்படும். கருவிகளைவிட, ஆடையில்லாமல் விளையாடும் குழந்தையைப் பொறுமையாகப் பார்த்திருக்கும் கண்களையே நாங்கள் அதிகம் நம்புகிறோம்.

மூன்று மாதங்கள்

"தானே சரியாகிவிடுமா?" என்பதே ஒவ்வொருவரும் கேட்கும் வினா. பத்தில் ஒன்பது குழந்தைகள் முழுமையாகக் குணமடைவர் என்று முன்னாளைய நூல்கள் எழுதின. நீண்டகாலம் தொடர்ந்து பார்த்த பிற்கால ஆய்வுகள், 100 குழந்தைகளுள் 20 முதல் 30 பேருக்கு ஏதேனும் ஒரு குறை நிலைத்துவிடுவதாகக் காட்டுகின்றன. அது பெரும்பாலும் சிறு குறைதான். எனினும் "எல்லாம் தானே சரியாகும்" என்று கூறி அனுப்பிவிடுவது நேர்மையன்று.

எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்பதைக் காலம் சொல்கிறது. இரண்டு மாதத்திற்குள் முழங்கையை மேல்நோக்கி மடக்கத் தொடங்கிய குழந்தை பெரும்பாலும் முழு நலம் பெறும். மூன்று மாதம் நிறைந்தும் முழங்கை மடங்கவில்லை எனில், தன்னியல்பான முன்னேற்றம் முழுமையடையாது என்று கொள்ள வேண்டும். பாரிஸின் அலான் ஜில்பேர் இந்த மூன்று மாத அளவுகோலைக் கொண்டு அறுவைச் சிகிச்சையை முடிவுசெய்தார். கனடாவின் டொராண்டோ மருத்துவர்களோ சில குழந்தைகளுக்கு ஒன்பது மாதம்வரை காத்திருந்து, கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, மேற்கையை உடலோடு பிடித்துக்கொண்டு, கழுத்தை அதிகம் வளைக்காமல் குழந்தை அதை வாய்க்குக் கொண்டுபோகிறதா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். மேல்வேர்க் காயத்தில் எத்தனை மாதம் காத்திருப்பது என்பதில் வல்லுநரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு மருத்துவர் நான்காம் மாதத்திலும் மற்றொருவர் ஏழாம் மாதத்திலும் அறுவைச் சிகிச்சையைப் பேசினால், இருவருள் ஒருவர் தவறானவர் என்று எண்ணிவிட வேண்டா. கை முழுவதும் செயலிழந்து கண்ணிமையும் தாழ்ந்த குழந்தைக்கு மட்டும் இக்கருத்து வேறுபாடு பெரும்பாலும் இல்லை. மூன்று மாத அளவில் அறுவைச் சிகிச்சை செய்வதே நல்லது.

நம் ஊர் வழக்கத்தில் இந்த மூன்று மாதமே மிக எளிதாகத் தவறிப்போகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். தீட்டுக் கழியும்வரை பச்சைக் குழந்தையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பர். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கணவர் வீட்டுக்கு அழைத்துச் செல்வர். தாய்வீட்டு ஊரின் மருத்துவர் "மறுபடி வாருங்கள்" என்று சொன்ன நாளில் குழந்தை வேறு மாவட்டத்தில் இருக்கும். எங்களிடம் பதினோரு மாதக் குழந்தையைக் கொண்டுவந்த ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் இதுவே. அவர்கள் அலட்சியமாக இருந்தவர்கள் அல்லர். ஒவ்வொரு வீட்டாரும் மற்ற வீட்டார் காட்டிவிட்டதாக நினைத்திருந்தனர். அந்தக் குழந்தைக்கு நரம்பு ஒட்டு வைக்கும் நல்ல காலம் கடந்துவிட்டிருந்தது. வேறு நரம்பை மாற்றி இணைத்து முழங்கையை மடக்கவைக்க முடிந்தது. தோளை முழுமையாக உயர்த்த முடியவில்லை. மருத்துவக் குறிப்பேட்டை யார் வைத்திருப்பது, மூன்று மாதம் நிறையும் நாள் எது, அன்று குழந்தை எந்த ஊரில் இருக்கும் என்பவற்றை இரு வீட்டாரும் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

தசையும் காத்திருப்பதில்லை. நரம்பின் தூண்டுதல் இன்றி நெடுநாள் கிடந்த தசை நார்த்தன்மை அடைந்துவிடும். அதன்பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பெற்றுக்கொள்ள ஆளில்லாத வீட்டுக்கு வந்த கடிதம் போன்றதே.

வீட்டில் செய்ய வேண்டியது

காத்திருக்கும் காலம் சும்மா இருக்கும் காலமன்று. இயங்கும் தசைகள் ஒரு பக்கமும் இயங்காத தசைகள் மறுபக்கமும் இருப்பதால் தோள் மெல்ல உள்நோக்கி இறுகுகிறது. இறுகிய தோளில் பந்துக்கிண்ண மூட்டின் வடிவமே மாறிவிடும். முதல் ஆண்டுக்குள்ளேயே மூட்டு பின்புறமாக நழுவவும் கூடும். நரம்பை வீட்டில் வளர்க்க இயலாது. மூட்டை இறுகாமல் காக்க இயலும். அது பெற்றோரின் கையில்தான் இருக்கிறது.

எலும்பு முறிவு இருந்தால் அது கூடும்வரை ஓய்வு தேவை. எந்த நாளில் பயிற்சியைத் தொடங்குவது என்பதை இயன்முறை மருத்துவர் கூறுவார். அதன்பின் ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் சில நிமிடங்கள் ஒதுக்கினால் போதும். எல்லாப் பயிற்சிகளிலும் ஒன்றை நாங்கள் முதன்மையாகக் கருதுகிறோம். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, மேற்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்து, முழங்கையை மடக்கி, முன்கையை மெதுவாக வெளிப்புறம் திருப்புவது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதும், முழங்கையை முழுதாக நீட்டுவதும், கையைத் தலைக்கு மேல் உயர்த்துவதும் இதனோடு சேரும். உயர்த்தும்போது மற்றொரு கையால் தோள்பட்டை எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தடை தோன்றும் இடத்தில் சற்று நிறுத்தி விடுங்கள். வலிந்து தள்ள வேண்டா. நேற்றுவரை வெளிப்புறம் திரும்பிய கை இன்று திடீரெனத் திரும்ப மறுத்தால், அடுத்த முறைவரை காத்திராமல் உடனே வாருங்கள். தோள் மூட்டு நழுவியிருக்கக் கூடும். அல்ட்ராசவுண்டு மூலம் அறியலாம்.

குளிப்பாட்டும் பாட்டிமாருக்கு ஒரு வேண்டுகோள். எண்ணெய் தடவுவதையும் காலில் போட்டு வெந்நீர் ஊற்றுவதையும் நாங்கள் தடுக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து நீவுவதையும், இரு கைகளையும் குறுக்காக இழுத்து மடக்குவதையும், கையைப் பிடித்துத் தூக்குவதையும் மட்டும் விட்டுவிடுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், ஒரு கையைக் கழுத்துக்குக் கீழும் மற்றொரு கையை இடுப்புக்குக் கீழும் வைத்து எடுங்கள். சட்டை போடும்போது பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். தூளியில் கிடத்துவதாயின் அந்தக் கை உடலுக்கு அடியிலோ முதுகுப்புறமோ சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலூட்டும்போது கை தொங்காமல் சிறு துணிச்சுருளால் தாங்குங்கள். உணர்ச்சி குறைந்த விரலைக் குழந்தை கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதுண்டு. வெந்நீரும் சுட்டது தெரியாது. நாள்தோறும் விரல்களைப் பாருங்கள்.

கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டத்தில் கட்டிவைக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கில் இருந்தது. கை அந்நிலையிலேயே இறுகிப்போனதால் அது கைவிடப்பட்டது. எலும்பு கட்டும் இடங்களில் மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டும்போதும் அதே தீங்கு நேரும். நரம்பு வளர்ச்சிக்கென்று விற்கப்படும் சொட்டு மருந்துகள் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தைக் கூட்டுவதில்லை. மின்தூண்டல் சிகிச்சையால் இக்குழந்தைகளுக்குப் பயன் விளைகிறது என்பதும் உறுதியாக நிறுவப்படவில்லை. அதற்காகக் கடன் வாங்க வேண்டா என்பது எங்கள் கருத்து. நல்ல கையைச் சிறிதுநேரம் தடுத்து, மற்றக் கையை விளையாட்டாகப் பயன்படுத்தவைக்கும் பயிற்சி மட்டும், பேரரசரின் குழந்தைப் பருவக் கொடுமையிலிருந்து வெகுதூரம் வந்து, இன்று மென்மையான முறையில் மீண்டும் வழக்கில் உள்ளது. அதனையும் சிகிச்சையாளரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

பயிற்சிக்காக வாரந்தோறும் எங்களிடம் வரத் தேவையில்லை. மாவட்டங்களில் இயங்கும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு உதவி கிடைக்கிறது. அங்கே பயிற்சியும், எங்களிடம் மறுபரிசீலனையும் என்று அமைத்துக்கொள்வது பேருந்துச் செலவையும் ஒருநாள் கூலி இழப்பையும் மிச்சப்படுத்தும்.

அறுவைச் சிகிச்சை

அறுவைச் சிகிச்சை என்றதும் "இத்தனை சிறு குழந்தைக்கா?" என்று பெற்றோர் அதிர்கின்றனர். அந்த அச்சம் இயல்பானது. மயக்க மருந்தின் ஆபத்து, நீண்டநேர அறுவை, இவை சிறியவை அல்ல. அதனால்தான் மூன்று மாதம் காத்திருக்கிறோம். கழுத்தின் கீழே காறை எலும்புக்கு மேல் திறந்து, நுண்ணோக்கியின் கீழ் முடிச்சான பகுதியை அகற்றி, அந்த இடைவெளியை வேறொரு நரம்பின் துண்டுகளால் நிரப்புகிறோம். அத்துண்டுகள் பெரும்பாலும் குழந்தையின் கெண்டைக்காலின் பின்புறத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. அந்நரம்பு தசை எதனையும் இயக்குவதில்லை. ஆதலால் நடையில் குறை வராது. பாதத்தின் வெளியோரத்தில் சிறிது மரத்தல் இருக்கலாம்.

வேர் பறிபட்ட இடத்தில் ஒட்டு வைக்க முடியாது. அங்கே அண்டைவீட்டிலிருந்து மின்னிணைப்பு எடுப்பதுபோல் வேறொரு நரம்பை மாற்றி இணைக்கிறோம். தோளைச் சுழற்றுவதற்குக் கழுத்தின் துணை நரம்பும், முழங்கையை மடக்குவதற்கு விலா இடை நரம்புகளும் பயன்படுகின்றன. கைக்குச் செல்லும் ஒரு நரம்பிலிருந்து சிறு கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசைக்கு மிக அருகே இணைக்கும் வழியை பிரான்சின் கிறிஸ்டோப் ஓபெர்லான் 1994இல் வெளியிட்டார். நரம்பு வளர வேண்டிய தூரம் அதனால் குறைகிறது.

அறுவைக்குப்பின் சில வாரங்கள் கழுத்தும் கையும் அசையாமல் காக்கப்படும். அதன்பின் நெடுநாள் ஒன்றுமே நிகழாது. மில்லிமீட்டர் கணக்கில் நரம்பு வளர்ந்து தசையை அடையும்வரை கை முன்போலவே கிடக்கும். முன்பு இருந்த சிறு அசைவுகூடச் சில காலம் மறையலாம். "அறுவை தோற்றுவிட்டதோ" என்று பல பெற்றோர் இந்தக் கட்டத்தில் மனம் உடைகின்றனர். அரையாண்டுக்குப் பிறகே முதல் துடிப்புகளை எதிர்பார்க்கலாம். முன்னேற்றம் இரண்டு மூன்று ஆண்டுகள்வரை தொடரும். அறுவை செய்த கை பிறவிக் காயமே இல்லாத கையைப்போல் ஆகிவிடும் என்று நாங்கள் வாக்களிப்பதில்லை. வாய்க்கு எட்டும் கை, மற்றக் கைக்குத் துணைநிற்கும் கை என்பதே நாங்கள் கோரும் பயன்.

வளரும் ஆண்டுகளில்

நரம்பு குணமான பின்னும் சில பிள்ளைகளுக்குத் தோள் இறுக்கம் எஞ்சும். உணவை வாய்க்குக் கொண்டுபோகும்போது கொம்பு ஊதுபவரைப்போல் முழங்கை பக்கவாட்டில் உயர்வது அதன் அடையாளம். இறுகிய தசையைத் தளர்த்தியும், முதுகிலிருந்து வரும் தசைநாணை இடம்மாற்றித் தைத்தும் தோளை வெளிப்புறம் திருப்பவைக்கலாம். சில குழந்தைகளுக்குப் போட்டூலினம் ஊசி பயிற்சிக்கு வழிவிடும். மூட்டின் வடிவம் ஏற்கெனவே மாறிவிட்ட சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு மேற்கை எலும்பை வெட்டித் திருப்பி வைப்பதுண்டு. முழங்கை முழுதாக நீளாத நிலைக்கு மாவுக்கட்டை வாரந்தோறும் மாற்றி மெல்ல நீட்டுகிறோம். பாதிக்கப்பட்ட கை சற்றுக் குட்டையாகவும் மெலிந்தும் வளர்வது இயல்பு. பயிற்சியின் குறையால் அது நேர்வதில்லை.

கருவில் குழந்தை கிடக்கும் நிலையின் காரணமாக வலக்கையே இதில் அதிகம் பாதிக்கப்படுகிறது. சோற்றுக்கை அதுவாயிற்றே என்று வீட்டார் கலங்குவது எங்களுக்குப் புரிகிறது. பந்தியில் இடக்கையால் உண்ணும் பிள்ளையை உறவினர் கண்டிப்பதையும், பள்ளியில் எழுதுகோலை வலக்கைக்கு மாற்றச் சொல்வதையும் பல பெற்றோர் எங்களிடம் கூறியுள்ளனர். பிள்ளை எந்தக் கையைத் தேர்ந்துகொள்கிறதோ அந்தக் கையால் உண்ணட்டும், எழுதட்டும். வலக்கைக்கு வேறு வேலை கொடுங்கள்: தட்டைப் பிடித்தல், பந்தை இரு கையாலும் எறிதல், நீரில் விளையாடுதல். பள்ளி ஆசிரியருக்குக் கொடுக்க எங்களிடம் ஒரு பக்கக் கடிதம் உண்டு; கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த பேற்றைப் பற்றித் தாய்மார் பலர் தயங்கித் தயங்கியே கேட்கின்றனர். ஒருமுறை தோள் சிக்கிய பிரசவம் நேர்ந்திருந்தால் மறுமுறை நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே முதல் பரிசோதனையின்போதே மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். பிரசவக் குறிப்பையும் காட்டுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவாகக் கொள்வது நம் நாட்டு வழக்கம். அப்பரிசோதனையைத் தவறவிட வேண்டா. சிசேரியன் தேவையா என்பதைக் குழந்தையின் எடையையும் முந்தைய பிரசவத்தின் விவரத்தையும் வைத்து மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம்.

முதல் வருகைக்குப் பிரசவக் குறிப்பு, பிறந்த எடை எழுதிய அட்டை, எடுத்திருந்தால் ஊடுகதிர்ப் படம், காப்பீட்டு அட்டை ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். மாதம் ஒருமுறை, வெளிச்சமான இடத்தில் குழந்தையின் மேலாடையைக் கழற்றி, இரண்டு கைகளும் தெரியும்படி கைபேசியில் இரண்டு நிமிடம் படம் பிடித்து வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் எடுத்த பதிவு எங்களுக்கு உதவாது. பால் குடித்துச் சிறிதுநேரம் கழித்து, கால்களை உதைத்து விளையாடும் நேரமே ஏற்றது.